ஆழம் அறியும் கருவி

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. ஆற்றைக் கடக்க விரும்புபவன் கையிலுள்ள கோலை முதலில் ஊன்றிப் பார்க்கிறான். கால் அதன் பின்னரே நீரில் இறங்குகிறது. ஆற்று நீரையாவது கண்ணால் காணலாம். அதன் வேகத்தையும் சுழிப்பையும் ஓரளவு உய்த்துணரலாம். மின்சாரமோ கண்ணுக்குப் புலனாகாதது. அது பாய்ந்துகொண்டிருக்கும் செப்புக் கம்பியும், பாய்ச்சல் நின்றுபோன செப்புக் கம்பியும் பார்வைக்கு ஒன்றேயாகும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடக் கூடும்.

அவ்வேறுபாட்டை அறிய மனிதன் செய்துகொண்ட ஊன்றுகோலே மின்னளவைக் கருவி. இன்று அது 'மல்டிமீட்டர்' என்னும் பெயருடன், வானொலி பழுதுபார்ப்பவரின் மேசையிலும், வயர்மேன் தோளில் தொங்கும் பையிலும், தொழிற்பள்ளி மாணவனின் கையிலும் இடம்பெற்றிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு பெட்டிக்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முன்வரலாறு உண்டு. அவ்வரலாறு அறிவு வளர்ந்த கதை மட்டுமன்று. அளக்கப் புகுந்தவர்கள் தம் உயிரைக் காத்துக்கொள்ளக் கற்றுக்கொண்ட கதையுமாகும்.

ரிச்மன் தந்த பாடம்

மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்னும் கருத்தை அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின் வெளியிட்டார். 1752ஆம் ஆண்டு மே மாதம் பிரெஞ்சு நாட்டின் மார்லி என்னும் சிற்றூரில் உயரமான இரும்புக் கம்பியொன்றை நாட்டி, இடிமேகத்திலிருந்து மின்பொறியை இறக்கிக் காட்டினர். ஐரோப்பாவின் அறிஞர் உலகம் வியப்பில் ஆழ்ந்தது. இரசிய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரிலிருந்த அறிவியற் கழகத்தைச் சேர்ந்த கியார்க் வில்லெம் ரிச்மன் என்பவர், மின்பொறியைக் கண்டு வியப்பதோடு நின்றுவிட விரும்பவில்லை. அதை அளக்க விரும்பினார்.

அவர் அமைத்த கருவி மிக எளியது. வீட்டுக் கூரைமேல் இரும்புக் கம்பி. அங்கிருந்து அறைக்குள் வந்து சேரும் ஓர் உலோகத் தொடர். அதன் முனையில் ஒரு நூல். நூலுக்கு அருகில் பாகை குறிக்கப்பட்ட கால்வட்ட அளவுகோல். மேகத்தில் மின்னூட்டம் மிகுந்தால் நூல் விலகி எழும். எத்தனை பாகை எழுகிறது என்பதைக் கொண்டு மின்சாரத்தின் வலிமையை மதிப்பிடலாம். மின்சாரத்தை எண்ணால் குறிக்க முயன்ற முன்னோடிக் கருவிகளுள் இதுவும் ஒன்று.

1753ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6ஆம் நாள், அறிவியற் கழகக் கூட்டத்தில் இருந்த ரிச்மன் இடியோசை கேட்டு வீட்டிற்கு விரைந்தார். காட்சியைப் படமாக வரைவதற்காகச் சொக்கலோவ் என்னும் செதுக்கோவியர் உடன் சென்றார். அளவு எத்தனை பாகை காட்டுகிறது என்று பார்க்க ரிச்மன் கருவியை நோக்கிக் குனிந்தார். அவ்வளவில் கம்பியிலிருந்து வெளிர்நீல நெருப்புருண்டை ஒன்று அவர் நெற்றியைத் தாக்கியது. அவர் அந்த இடத்திலேயே மாண்டார். ஓவியர் அதிர்ச்சியுற்று வீழ்ந்தாரேனும் உயிர் பிழைத்தார்.

அவர் செய்த பிழை யாது? கூரைமேலிருந்து வந்த தொடர் நிலத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. நிலத்தோடு இணைத்துவிட்டால் அளக்க வேண்டிய மின்னூட்டம் மண்ணுக்குள் மறைந்துவிடும். ஆதலால் அது வேண்டுமென்றே பிரித்து வைக்கப்பட்டிருந்தது. விண்ணிலிருந்து வந்த மின்சாரம் மண்ணுக்குச் செல்ல வழி தேடிற்று. கருவிக்கு அருகில் குனிந்து நின்ற மனித உடலே அதற்குக் கிடைத்த வழி. அளவிடுபவன் தானறியாமலே சுற்றின் ஓர் உறுப்பாகிவிடுகிறான் என்னும் இக்கொடிய உண்மை, அன்று முதல் இன்றுவரை மாறவேயில்லை.

உடலே கருவியாக இருந்த காலம்

ரிச்மனின் முடிவுக்குப் பின்னும் மனித உடல் அளவைக் கருவியாகப் பயன்படுவது நின்றுவிடவில்லை. ஆங்கில அறிஞர் ஹென்றி கவெண்டிஷ் 1770களில் பற்பல பொருள்களின் மின்கடத்தும் திறனை ஒப்பிட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது தம் உடலையே. ஒரு பொருள் வழியாக வரும் அதிர்ச்சியும் மற்றொன்றின் வழியாக வரும் அதிர்ச்சியும் சமமாக உள்ளனவா என்று தம் கைகளாலேயே உணர்ந்து குறித்துக்கொண்டார். நூறாண்டுகள் கழித்து, 1879இல் மாக்ஸ்வெல் அக்குறிப்புகளைப் பதிப்பித்தபோது, அவற்றின் துல்லியம் அறிஞரை வியக்க வைத்தது.

உடலைக் கருவியாக்கும் நிலையிலிருந்து மனிதனை மீட்டது ஒரு காந்த ஊசி. 1820இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பி தன் அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்புகிறது என்று கண்டறிந்தார். அதே ஆண்டில் ஜெர்மானியரான சுவைகர், கம்பியைப் பல சுற்றுகளாகச் சுற்றினால் அவ்விளைவு பன்மடங்காகப் பெருகும் எனக் காட்டினார். கால்வனாமீட்டர் என்னும் மின்னோட்டங்காட்டி இவ்வாறு தோன்றிற்று. 1827இல் ஜியார்க் ஓம், மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஆகிய மூன்றையும் ஒரே விதியால் பிணைத்தார். அழுத்தத்தைத் தடையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும் என்பது அவ்விதி. 1881இல் பாரிசில் கூடிய அனைத்துலக மின்னியல் மாநாடு வோல்ட், ஆம்பியர், ஓம் என்னும் அலகுகளை ஏற்றுக்கொண்டது.

ஓமின் விதியைக் கொண்டு மனித உடலையும் கணக்கிடலாம். ஈரமான தோலின் வழியே உடலின் தடையை ஏறத்தாழ 1,000 ஓம் என்று கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் வருவது 230 மில்லியாம்பியர். அமெரிக்கப் பேராசிரியர் சார்லசு டால்சீல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்த்திய ஆய்வுகளின்படி, பிடித்த கம்பியைத் தானே விடுவதற்கு இயலும் மின்னோட்டத்தின் எல்லை, ஆடவருக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், மகளிருக்கு 10.5 மில்லியாம்பியர். அதற்குமேல் தசைகள் இறுகிக் கை கம்பியை விட மறுக்கிறது. 230 எங்கே, 16 எங்கே! இந்த இரண்டு எண்களுக்கு இடையேயுள்ள பள்ளத்தில்தான் பல உயிர்கள் வீழ்ந்திருக்கின்றன.

மலாயாக் காடு தந்த காப்பு

மின்சாரத்தை அடக்கி வைக்கும் காப்புறையின் வரலாற்றில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சிறப்பான இடம் உண்டு. இக்காடுகளில் வளர்ந்த 'தாபான்' மரத்தின் பாலிலிருந்து கிடைத்த கட்டாபெர்ச்சா என்னும் பொருளை, சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய மாண்ட்கோமரி 1843இல் இலண்டனுக்கு அறிமுகம் செய்தார். மலாய் மக்கள் அதைக் கத்திப் பிடிகளுக்கும் கோல்களுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். அப்பொருள் மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மைக்கேல் பாரடே 1848இல் எடுத்துக்காட்டினார். கடல் நீருக்குள்ளும் கெடாத அது, கடலடித் தந்திக் கம்பிகளுக்கு ஏற்ற உறையாயிற்று. அதற்காக எண்ணற்ற மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன என்பது இவ்வரலாற்றின் துயரப் பக்கம்.

கட்டாபெர்ச்சா போர்த்திய கம்பி 1858இல் அட்லாண்டிக் கடலின் அடியில் இடப்பட்டது. மறுகரையில் வந்து சேர்ந்த குறிகளோ மிக நலிந்திருந்தன. கம்பியின் மின்னியற் பொறுப்பாளராக இருந்த ஒயிட்ஹவுஸ், அழுத்தத்தைக் கூட்டினால் குறி தெளிவாகும் என்று கருதி, ஏறத்தாழ 2,000 வோல்ட் வரை செலுத்தினார். அறிஞர் வில்லியம் தாம்சனின் வழி அதற்கு நேர்மாறானது. சிறு கண்ணாடியையும் ஒளிக்கற்றையையும் கொண்டு, மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டவல்ல கால்வனாமீட்டரை அவர் செய்தார். வலிமையைக் கூட்டுவதைவிட அளக்கும் கூர்மையைக் கூட்டுவதே அறிவுடைமை என்பது அவர் கண்ட நெறி. முன்னமே குறைகள் கொண்டிருந்த காப்புறை, மிகையான அழுத்தத்தால் மேலும் சிதைந்தது. சில வாரங்களில் அக்கம்பி மௌனமாயிற்று. 1866இல் நிலையான கம்பி வெற்றி பெற்றபோது தாம்சனின் நெறியே நின்றது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூரைத் தொட்ட கடற்கம்பியும் அந்த அனுபவத்தின் மீதே இடப்பட்டதாகும்.

எந்தக் காப்புறைக்கும் தாங்கும் எல்லை ஒன்று உண்டு என்பது அட்லாண்டிக் கம்பி கற்பித்த பாடம். இன்று மல்டிமீட்டரின் சோதனைக் கம்பியில் கீறலோ வெடிப்போ கண்டால் அதை ஒதுக்கிவிட வேண்டும் என்று பயிற்றுநர் வற்புறுத்துவதும் இதே பாடத்தைத்தான்.

மூன்று கருவிகள் ஒன்றான கதை

1882இல் பிரான்சின் தார்சன்வால், நிலையான காந்தத்தின் நடுவே கம்பிச்சுருள் திரும்பும் அமைப்பை உருவாக்கினார். எட்வர்ட் வெஸ்டன் 1880களின் பிற்பகுதியில் அதைச் செம்மைப்படுத்தி, எங்கும் எடுத்துச் செல்லத்தக்க உறுதியான கருவியாக்கினார். எனினும் அழுத்தத்திற்கு ஒன்று, ஓட்டத்திற்கு ஒன்று, தடைக்கு ஒன்று எனக் கருவிகள் தனித்தனியாகவே இருந்தன.

பிரிட்டிஷ் அஞ்சல்துறையில் தொலைத்தொடர்புச் சுற்றுகளைப் பேணும் பொறியாளராக இருந்த டொனால்ட் மெக்கேடிக்கு இத்தனை கருவிகளைச் சுமப்பது பெருந்தொல்லையாயிற்று. மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கும் வழியை அவர் கண்டார். ஆம்பியர், வோல்ட், ஓம் என்னும் மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கூட்டி 'ஆவோ' எனப் பெயர் சூட்டப்பட்ட அக்கருவி 1923இல் விற்பனைக்கு வந்தது. மல்டிமீட்டரின் பிறப்பு இதுவே என்பர். 1951இல் வந்த அதன் எட்டாம் மாதிரி 2008 வரை செய்யப்பட்டது என்பது அதன் உறுதிக்குச் சான்று. மிகையான மின்னோட்டம் பாய்ந்தால் தானே துண்டித்துக்கொள்ளும் பொறியும் அதில் இருந்தது. பிழை செய்வது மனித இயல்பு என்று கருதிச் செய்யப்பட்ட காப்பு அது.

மூன்று கருவிகள் ஒன்றானபோது வசதியோடு ஓர் ஆபத்தும் உடன் பிறந்தது. மின்னழுத்தத்தை அளக்கும் கருவியைச் சுற்றுக்குப் பக்க இணைப்பாக வைக்க வேண்டும். அதன் உட்தடை மிகப் பெரிது. மின்னோட்டத்தை அளக்கும் கருவியைச் சுற்றைப் பிரித்துத் தொடர் இணைப்பாக நுழைக்க வேண்டும். அதன் உட்தடை மிகச் சிறிது. தனித்தனிக் கருவிகளாக இருந்த காலத்தில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது அரிது. ஒரே பெட்டியில் வந்தபின், அவற்றைப் பிரிப்பது ஒரு திருகியும் ஒரு துளையுமே. காலையில் மின்னோட்டத்தை அளந்தவர், சிவப்புக் கம்பியை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, மாலையில் சுவர்ச் செருகியின் அழுத்தத்தைப் பார்க்க முனைந்தால், அவர் கையிலிருப்பது அளவைக் கருவி அன்று. இரு முனைகளையும் நேரே இணைக்கும் குறுக்குக் கம்பி. அதனால்தான் நல்ல கருவிகளில் மணல் நிரப்பிய பீங்கான் உருகி வைக்கப்படுகிறது. உருகும் கம்பியின் சுடர் தொடர்ந்து எரியாதவாறு அம்மணல் அதை அவித்துவிடுகிறது. அவ்விடத்தில் மலிவான கண்ணாடி உருகியையோ, ஒரு துண்டுச் செப்புக் கம்பியையோ வைப்பவர், தம் கைக்கும் தீச்சுடருக்கும் இடையிலிருந்த கதவைத் தாமே கழற்றி எறிந்தவராவார்.

அளவு பொய்யாகும் இடங்கள்

கருவி காட்டும் எண் எப்போதும் உண்மையன்று. 10 வோல்ட் மின்கலத்திற்குக் குறுக்கே, தலா 100 கிலோ ஓம் கொண்ட இரண்டு தடைகள் தொடராக உள்ளன என்று கொள்வோம். நடுவிலுள்ள அழுத்தம் 5 வோல்ட். வோல்டுக்கு 1,000 ஓம் உணர்திறனுடைய பழைய முள் கருவியை 10 வோல்ட் அளவில் வைத்துத் தொட்டால், அதன் உட்தடை வெறும் 10 கிலோ ஓம். அது காட்டுவது ஏறத்தாழ 0.83 வோல்ட். வோல்டுக்கு 20,000 ஓம் உடைய ஆவோ எட்டாம் மாதிரியோ அதே 10 வோல்ட் அளவில் 4 வோல்ட் காட்டும். 10 மெகா ஓம் உட்தடையுடைய எண்முறைக் கருவி 4.98 வோல்ட் அளவு காட்டும். சுற்று ஒன்றே, விடைகள் மூன்று. அளக்கும் செயலே அளக்கப்படுவதை மாற்றிவிடுகிறது.

எண்முறைக் கருவிகள் 1950களின் முற்பகுதியில் அமெரிக்காவில் தோன்றின, 1970களில் கையடக்கமாயின. இவை துல்லியமானவை. ஆயினும் மற்றொரு மயக்கம் இவற்றுக்கு உண்டு. உட்தடை மிக உயர்ந்திருப்பதால், இணைப்பு துண்டிக்கப்பட்ட கம்பியிலும், பக்கத்துக் கம்பியின் தூண்டலால் பல வோல்ட் இருப்பதுபோல் காட்டும். அச்சம் தரும் இப்பொய்யால் பெருந்தீங்கு இல்லை. 'ஒன்றுமில்லை' என்னும் பொய்யே உயிர் குடிப்பது. உள்ளே அறுந்துபோன சோதனைக் கம்பியும், தவறான துளையில் செருகிய முனையும், இருக்கும் மின்சாரத்தை இல்லையெனக் காட்டக் கூடும். கருவி காட்டிய சுழியை நம்பிக் கை வைத்தவன் ரிச்மனின் நிலையை அடைகிறான்.

இதற்கு மாற்றாகத் தொழில்வல்லார் வகுத்த முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலில், மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஓரிடத்தில் கருவியைச் சோதிக்க வேண்டும். அடுத்து, வேலை செய்ய வேண்டிய இடத்தில் அளக்க வேண்டும். மூன்றாவதாக, மீண்டும் முதல் இடத்திற்குச் சென்று கருவி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இம்மூன்றும் கூடினால்தான் சுழி என்பது சுழி.

துண்டித்த பின்னும் ஓய்வறியாதது மின்தேக்கி. புகைப்பட ஒளிப்பொறியிலோ மின்வழங்கிச் சுற்றிலோ 330 வோல்டுக்கு ஏற்றப்பட்ட 100 மைக்ரோ பாரட் மின்தேக்கியில் 5 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் உறங்குகிறது. அதைத் திருப்புளியால் குறுக்கிட்டு வெடிக்கச் செய்வது சிலரிடம் காணப்படும் தீய பழக்கம். 10 கிலோ ஓம் தடையொன்றை, காப்பிட்ட கவ்விகளின் துணையோடு, ஐந்தாறு நொடிகள் குறுக்கே பிடித்தால் மின்னூட்டம் அமைதியாக வடிந்துவிடும். வடிந்ததை மீட்டரால் உறுதி செய்துகொள்ளலாம். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் 25,000 வோல்ட் அளவுக்கு அழுத்தம் நின்றது. அவற்றின் அருகே சாதாரண மல்டிமீட்டருக்கு வேலையே இல்லை. சுற்றில் மின்சாரம் இருக்கையில் தடையை அளப்பதும் கூடாது. மின்சாரத்தோடு அளந்தே தீர வேண்டுமாயின், கறுப்பு முனையைக் கவ்வியால் நிலைப்படுத்திவிட்டு, ஒரு கையால் மட்டும் அளப்பது நலம். மற்றொரு கை விலகியிருந்தால், கையிலிருந்து கைக்கு, நெஞ்சின் ஊடே, மின்சாரம் செல்லும் வழி அடைபடுகிறது.

எண்ணும் வகையும்

மின்வழங்கு கம்பிகளில் 230 வோல்ட் மட்டுமே ஓடுகிறது என்பதும் முழு உண்மையன்று. மின்னலாலும், பெரிய பொறிகளை இணைத்துத் துண்டிப்பதாலும், நொடியின் சிறு கூறில் பல்லாயிரம் வோல்ட் எழுந்தடங்கும். அவ்வேளை கருவிக்குள் தீச்சுடர் மூண்டால், அது பிடித்திருப்பவரின் கையில் வெடிக்கும். ஐ.இ.சி. 61010 என்னும் அனைத்துலகத் தரவிதி, இதனாலேயே கருவிகளை வகைப்படுத்துகிறது. 'கேட்' என்னும் சுருக்கக் குறியுடன் கருவியின் முகத்தில் அவ்வகை அச்சிடப்பட்டிருக்கும். செருகியில் இணைக்கும் பொருள்களுக்கு இரண்டாம் வகை. கட்டடத்தின் பகிர்வுப் பலகைக்கு மூன்றாம் வகை. மின்சாரம் கட்டடத்திற்குள் நுழையும் இடத்திற்கு நான்காம் வகை.

இங்குப் பலர் மயங்குவர். 1,000 வோல்ட் இரண்டாம் வகைக் கருவி, 600 வோல்ட் மூன்றாம் வகைக் கருவியைவிட வலியது போலத் தோன்றும். இரண்டும் 6,000 வோல்ட் அதிர்ச்சித் துடிப்பாலேயே சோதிக்கப்படுகின்றன. ஆனால் முன்னதன் சோதனையில் மின்மூலத்தின் தடை 12 ஓம்; பின்னதற்கு 2 ஓம். ஓமின் விதிப்படி முன்னதில் பாயக்கூடியது 500 ஆம்பியர். பின்னதில் 3,000 ஆம்பியர். எண்ணில் சிறியது, தாங்கும் ஆற்றலில் ஆறு மடங்கு பெரியது. பகிர்வுப் பலகையைத் திறக்குமுன் வோல்ட் எண்ணைவிட வகை எண்ணை நோக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

லொமொனோசொவின் வேண்டுகோள்

ரிச்மன் மாண்ட அதே நாளில், அவருடைய நண்பரும் பேரறிஞருமான லொமொனோசொவும் தம் வீட்டில் அதே வகைக் கருவியின் முன் நின்றிருந்தார். சாவு அவரைத் தவிர்த்துச் சென்றது. பின்னர் அவர் ஆட்சியில் செல்வாக்குடைய ஷுவலோவ் பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். நண்பரின் மனைவி மக்களுக்கு உதவித்தொகை வேண்டினார். அத்துடன், இவ்விபத்தைக் காட்டி அறிவியல் வளர்ச்சியை எவரும் தடுத்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டார்.

அறிவியல் நிற்கவில்லை. ரிச்மனின் நூலும் அளவுகோலும் காந்த ஊசியாகி, சுருளாகி, ஆவோ பெட்டியாகி, இன்று எண்காட்டும் கருவியாகியுள்ளன. உருகி, காப்புறை, வகைக் குறி, மூன்று படிச் சோதனை ஆகிய ஒவ்வொன்றும் எங்கோ நேர்ந்த ஒரு பிழையின் திருத்தமே. தொழிற்பள்ளியில் முதன்முதலாக மல்டிமீட்டரைக் கையில் எடுக்கும் இளைஞனுக்கு இவ்வரலாறு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கம்பியைத் தொடுமுன், திருகி எங்கே நிற்கிறது, சிவப்பு முனை எத்துளையில் இருக்கிறது, கருவி உண்மை பேசுகிறதா என்று ஒரு கணம் நின்று பார்க்கும் வழக்கம் அவனுக்கு இருத்தல் வேண்டும். கோலை ஊன்றுபவன், கோல் உறுதியானதா என்று முதலில் பார்த்துக்கொள்வது கடமையன்றோ?